மச்சில் வார்த்த தண்ணீர்

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் வேலுமணியின் கடை ஷட்டர் பாதியோடு நின்றுவிட்டது. தள்ளினால் மேலே போகவில்லை, இழுத்தால் கீழே வரவில்லை. பிளாஸ்டிக் வாளி, குடம், துடைப்பம் விற்கிற கடை. அவன் குனிந்து உள்ளே போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஷட்டருக்கும் மேலே இருந்த மர உத்தரத்துக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தான். போன வருஷம் முழுக் கையும் போன இடம். இப்போது ஒரு விரல்கூடப் போகவில்லை. மேல் மாடியைத் தாங்குகிற உத்தரம் இறங்கி வந்து ஷட்டரின் தலையில் உட்கார்ந்திருந்தது.

“ஏனுங்க ஜெபாக்கா, சித்தெ கீழ வந்துட்டுப் போங்க” என்று தெருவில் நின்று கூப்பிட்டான்.

மாடியில் ஜெபமணி ஒரு மயில்கழுத்து நிறச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். கடைவீதி ஜவுளிக் கடைகளிலிருந்து சேலை வாங்கி வந்து ஃபால்ஸ் வைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. அறுபது தாண்டியும் கண் இன்னும் ஊசிக்கு ஒத்துழைத்தது. முழங்கால்தான் படிக்கு ஒத்துழைப்பதில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

“என்ன வேலுமணி, ஷட்டருக்குக் கிரீஸ் போட்டயா?”

“கிரீஸ் டப்பா முச்சூடும் காலிங்க்கா. ஷட்டர் மேல குத்தமில்லீங்க. உங்க ஊடு எங்கடை மேல உக்காந்துபோடுச்சு.”

“எங்க ஊடு நூறு வருசத்துக்கு மேல அங்கயேதான இருக்குது.”

“இத்தன நாளும் நின்னுட்டிருந்துச்சுங்க. இப்பத்தான் உக்காருது.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. தெருப்பக்கத்து மூலை. அதற்கு நேர் மேலே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய கடை வீதிக்குப் பின்னால், இரண்டு மோட்டார் பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டிய சந்தில் அந்தக் கட்டடம் இருந்தது. அதில் சுவர் பிறகு வந்தது, மரம்தான் முதலில். ஆனைமலைத் தேக்கில் தூண் நிறுத்தி, தூண்மேல் உத்தரம் ஏற்றி, உத்தரத்தின்மேல் குறுக்குக் கட்டைகள் அடுக்கி, மொத்தக் கூட்டையும் மரத்தில் எழுப்பிய பிறகே இடைவெளிகளில் செங்கல் வைத்து நிரப்பியிருந்தார்கள். சுவரையெல்லாம் பிடுங்கினாலும் வீடு நிற்கும் என்று ஜெபமணியின் அப்பா வந்தவர்களிடம் சொல்வார். கட்டியவர் ஒரு பஞ்சு வியாபாரி. கீழே பஞ்சுப் பொதிகள், மேலே அவருடைய ஆட்கள். ஊரில் பிளேக் வந்த சமயம் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பிளேக் வீடு என்று யாரும் ஏறிட்டுப் பார்க்காததால் ஆஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்த ஜெபமணியின் தாத்தாவுக்கு அது கிடைத்தது. அதன் பிறகு கீழே மருந்துக் கடை இருந்தது, சைக்கிள் கடை இருந்தது, நெடுநாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது.

ஜெபமணியின் வாலிபம் அந்த டைப்ரைட்டர் சத்தத்தின் மேல்தான் கழிந்தது. மச்சுத் தரை பலகைத் தரை. கீழே தட்டுவது மேலே உள்ளங்காலில் கேட்கும். மேலே பேசுவது கீழே கேட்கும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்றபடி பேசும்போது கீழே டைப் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கும். மறுநாள் படியில் எதிர்ப்படுகிற பெண்பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். வந்தவர்கள் வராமல் போனார்கள். பிறகு அம்மா போனாள், அப்பா போனார். அண்ணன் மாசிலாமணியும், தாராபுரத்திலிருந்து வந்த அண்ணி ஞானாபரணமும், அவளும் மிஞ்சினார்கள். அண்ணனும் போன பிறகு இரண்டு பெண்கள்.

அந்தத் தரையில் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்க முடியாது. அண்ணி படுக்கையில் புரள்வது, எழுந்து உட்கார்வது, உட்கார்ந்தபடியே இருப்பது எல்லாம் பலகை வழியாக ஜெபமணியின் கட்டிலுக்கு வந்துவிடும். அவளுடையதும் அங்கே போயிருக்கும். அதனாலோ என்னவோ இருவரும் வாயைத் திறந்து அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

ஷெர்வின் போன் செய்தான். அண்ணியின் ஒரே மகன். துடியலூரில் ஃப்ளாட், பம்ப் கம்பெனியில் வேலை. நல்ல பையன், அவன் குரலில் எப்போதும் வேலை முடிந்து வந்தவனின் களைப்பு இருக்கும்.

“வேலுமணியண்ணன் சொன்னாருங்கத்தே. ஞாயித்துக்கெழம ரசாக்குன்னு ஒருத்தரக் கூட்டியாரேன். பழைய மரம் வாங்கறவரு. அவரு தட்டிப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். உத்தரம் நல்லாருந்துச்சுன்னா இரும்புல முட்டுக் குடுத்து நிறுத்திப்போடலாம். நீங்க ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும் இருங்க.”

“இல்லீன்னா?”

“இல்லீன்னா எறக்கறதுதாங்கத்தே. வேற வழியில்ல. அம்மா எங்கூட வந்துரட்டும். சின்ன ரூம் ஒண்ணு இருக்குது.” கொஞ்சம் நிறுத்தினான். “உங்களுக்கு நம்ம சபைக்காரங்க நடத்தற ஹோம்ல கேட்டு வெச்சிருக்கேன். பக்கந்தான். ஞாயித்துக்கெழமையானா நானே வந்து கூட்டிட்டு வந்துருவேன்.”

“சேரி கண்ணு” என்றாள் ஜெபமணி. அவன் அதைச் சொல்ல எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பான் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு முதலில் ஓர் இடத்தில் காலூன்றி நிற்க வேண்டும். அந்த இடம் பற்றித்தான் பேச்சே.

அன்று முழுக்க மழை. கடையிலிருந்து சேலை வாங்கப் போக முடியவில்லை. அண்ணி அரிசியும் பருப்பும் வைத்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்த வாசனை மச்சு முழுவதும் நின்றது. இருவரும் வட்டலை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அண்ணி கொஞ்ச நாளாகவே கூந்தலைக் கொண்டை போடாமல் கழுத்தடியில் ஒரு ரப்பர் பேண்டால் கட்டி விட்டிருந்தாள். முடியில் எண்ணெய்ப் பிசுக்கு. வயதானால் வருகிற சோம்பல் என்று ஜெபமணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மூலைதான?” என்றாள் அண்ணி.

“எந்த மூலைங்க?”

“கேக்கற பாரு.”

“ஓடு ஒழுகினதாக்கூட இருக்கும்ங்க அண்ணி.”

“இருக்கும், இருக்கும். ஓட்டுத் தண்ணி சீயக்காயோடதான் ஒழுகும்.”

ஜெபமணி தயிரை ஊற்றிக்கொண்டு குனிந்து சாப்பிட்டாள்.

மாசிலாமணிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனபோது ஷெர்வின் மஸ்கட்டில் இருந்தான். அந்தச் செங்குத்துப் படியில் ஆளைக் கீழே இறக்க முடியாது. குளியலறையோ கீழே, வீட்டுக்குப் பின்புறப் பொடக்காலியில். ஈரத்துணியில் துடைத்துவிட்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். அண்ணியும் அதையே சொன்னாள்.

“மரத்தரைல வாளி வாளியா வாத்தா எங்க போகும் ஜெபா? தொடச்சே உடலாம்.”

“தொடச்சுவுடறதுக்கு எங்கண்ணன் என்ன மேசையா?”

அவள் கேட்டது வீம்புக்காகத்தான். ஆனால் கேட்ட பிறகு அதுவே நிஜமாகிவிட்டது. தலையில் நாலு சொம்பு தண்ணீர் வார்த்தால்தான் மனிதன் குளித்ததாக அர்த்தம். கொத்தனாரைக் கூப்பிட்டுத் தெருப்பக்க மூலையில் சாணுயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்புக் கட்டி, சுவரைத் துளைத்து வெளியே ஒரு பைப் விட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணனை உட்கார வைத்து, தினமும் காலையில் வெந்நீர் வார்த்தாள். சனிக்கிழமை எண்ணெய், சீயக்காய். அண்ணி துண்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பாள்.

முதல் சொம்பு தலையில் விழும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் விடுவான். பேச்சு போன பிறகு அவனிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஜெபமணிக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. தன் கை பட்டு ஒருவருக்குச் சுகம் உண்டாகிறது என்பதை அறுபதை நெருங்கும்போதுதான் அவள் தெரிந்துகொண்டாள். ஒருநாள் தண்ணீர் பைப் பக்கம் போகாமல் நடுவிலேயே வேகமாக வற்றுவதைப் பார்த்தாள். சிமெண்டில் நூலாக ஒரு விரிசல். அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிவிட்டு மறுநாளும் வார்த்தாள். கீழே ஈரம் தெரிகிறது என்று வேலுமணி சொன்னபோது, ஓடு ஒழுகுகிறது என்றாள். இப்படி மூன்று நான்கு வருஷம், அண்ணன் போகிற வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஷெர்வினும் அண்ணியும் ஜெபமணியும் சந்து முனையில் ஆட்டோவை விட்டு இறங்கி வரும்போதே ரசாக் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தொப்பை வைத்த, நிறையப் பேசுகிற மனிதர். பெரிய உளியும் சுத்தியலும் பையில் இருந்தன.

“வாங்க மாப்ள” என்றார் ஷெர்வினை, அதுவரை போனில் மட்டுமே பேசியிருந்தாலும். “தூணெல்லாம் ஒரு சுத்து பாத்துப்போட்டேன். தங்கமுங்க. இந்தமாதிரி மரத்துல எம்பொண்ணுக்கு ஒரு பீரோ செஞ்சு குடுக்கோணும்னு இருக்குது. அவ பிளைவுட்டுத்தான் வேணுங்கறா. கண்ணாடி வெச்சதாம்.”

“உத்தரம்?” என்றான் ஷெர்வின்.

“அதயும் கேப்போம். அதே சொல்லும்.”

ஸ்டூலில் ஏறி உத்தரத்தை நடுவிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். கணீர் கணீர் என்று கேட்டது. வேலுமணி வாளிகளை ஒதுக்கி வழிவிட்டான். ஜெபமணி சுவரோரமாக நின்றாள். அந்தச் சத்தம் மூலைவரைக்கும் இப்படியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மனது ஜெபம் போலச் சொல்லிக்கொண்டே இருந்தது. காலையில் ஆலயத்தில் ஒரு வார்த்தைகூட மனதில் நின்றிருக்கவில்லை. மூலைக்கு ஒரு முழம் முன்னால் சத்தம் மாறியது. தலையணையில் தட்டினதுபோல. ரசாக் பேச்சை நிறுத்தினார். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு உளியை வைத்து அழுத்தினார். அடிக்கவே தேவைப்படவில்லை. பிடிவரைக்கும் உள்ளே போனது. திருப்பி இழுத்தபோது, வடிகட்டின டீத்தூள்போல் கறுப்பாக ஈரமாக ஏதோ உதிர்ந்து ஒரு நீல வாளிக்குள் விழுந்தது.

ஜெபமணிக்குச் சீயக்காய் வாசனை அடிப்பதுபோல் இருந்தது. அடித்திருக்காது.

“பாக்கி எதுவுமே கெடலீங்க. இந்த ஒரு தலைதான்” என்றார் ரசாக். “ஆனா மூலைத்தூணு, கூரை, எல்லாம் இந்தத் தலைமேலதான் உக்காந்திருக்குது.”

“இத மட்டும் மாத்த முடியாதுங்களா?”

“மாத்தலாமுங்க. மேல இருக்கற எல்லாத்தயும் எறக்கிப்போட்டு மாத்தோணும். அதுக்குப் புது ஊடே கட்டிப்போடலாம். இரும்பு முட்டு ரெண்டு குடுக்கறேன், இந்த மாசம் தாங்கும். கார்த்திகைக்குள்ள காலி பண்ணிப்போடுங்க.” விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தார். “மழைத்தண்ணி இல்லீங்க இது. மழை வந்துபோட்டுப் போயிரும், மரம் காஞ்சுக்கும். இது தெனமும் காயாம குடிச்சிருக்குது. மேல ஆராச்சும் தண்ணி வாத்துக்கிட்டீங்களா?”

ஷெர்வின் திரும்பிப் பார்த்தான். அம்மாவையா அத்தையையா என்று தெளிவில்லாமல் இருவருக்கும் நடுவில்.

ஜெபமணி வாயைத் திறந்தாள். அண்ணி ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஆரம்பிக்கப் போகிற கணம் இது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதற்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தாள். ஃபால்ஸ் தைக்கும்போதெல்லாம் அதை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பாள். ஆமாங்க அண்ணி, நான் ஊடு முழுசையும் அவனுக்கு வாத்துப்போட்டேன், நீங்க துண்டோட வெளியில நின்னீங்க.

“நாந்தான்” என்றாள் ஞானாபரணம்.

“நீயாம்மா?”

“உங்கப்பனுக்குத் தண்ணி வாத்து உட்டது நாந்தான். தொடச்சுவுட்டா அவருக்கு ஆகாது. அத்தை அவ சேலையப் பாப்பாளா, இதப் பாப்பாளா?”

“மரத்தரைன்னு தெரியாதாம்மா உனக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஃபைபர் தொட்டி வாங்கி அனுப்பியிருப்பனே. கொஞ்சமாச்சும் ரோசன வேண்டாமா?”

“தோணுல கண்ணு.”

“தோணுலயாம்.” அவன் விடுவிடுவென்று தெருவில் இறங்கிப் போனான். தூறலில் நனைந்தபடி எதிர் டீக்கடை முன்னால் நின்றான். ரசாக் சங்கடப்பட்டு உளியைத் துடைத்தார். வேலுமணி அந்த நீல வாளியைக் கழுவுவதா, அப்படியே வைப்பதா என்று தெரியாமல் கையில் பிடித்திருந்தான். டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ஷெர்வின் திரும்பி வந்து, “ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியா?” என்றான்.

அவன் போன பிறகு ஜெபமணி மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நூல் கோக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் நிம்மதி வரவேண்டும். வந்தது வேறு ஏதோ. பறிகொடுத்தது போன்ற ஒரு காந்தல். இந்த வீட்டில் பிறந்து, இந்த வீட்டிலேயே கிழவியாகி, தன்னுடையது என்று அவள் செய்த காரியம் அது ஒன்றுதான். குற்றமாகவே இருந்தாலும் அவளுடைய குற்றம். அதையும் அண்ணி ஒரே வார்த்தையில் எடுத்துக்கொண்டாள். கூடவே அண்ணனின் அந்தச் சத்தத்தையும்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். அண்ணி அடுப்பில் சருவச்சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எதுக்குங்க அண்ணி அப்படிச் சொன்னீங்க?”

“எப்படிச் சொன்னேன்?”

“நீங்க வாத்தீங்கன்னு.”

அண்ணி திரும்பவில்லை. “பாத்தயல்ல. எங்கிட்ட அவங்கோவம் தெருவத் தாண்டல. பெத்தவ தப்புப் பண்ணுனா அவ்வளவுதான். நீ பண்ணுனேன்னு தெரிஞ்சா அப்படியா? வாயில ஒண்ணும் சொல்ல மாட்டான். உள்ளுக்குள்ள வெச்சுக்குவான். இனி நீ அவங்கிட்டத்தான் ஒண்ணு ரெண்டு கேக்க வேண்டியிருக்கும்.”

“நான் யாருகிட்டயும் கேக்கப் போறதில்லீங்க.”

“ஆமா, ராசாத்தி.” அண்ணி சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த கரியை விரலால் சுரண்டினாள். “அதுமட்டுமில்ல. சொல்லிப் பாக்கோணும்னு இருந்துச்சு. நான் வாத்தேன்னு. எனக்கு அவரத் தொடவே கூசுச்சு ஜெபா. அந்த ஒடம்பு அவரு மாதிரியே இல்ல. துண்டப் புடிச்சுட்டு வெளிய நிப்பேன். நீ வாக்கற சத்தம் கேக்கும், அவரு சத்தம் கேக்கும். ஒருக்காலாச்சும் உள்ள வந்திருக்கலாம். ஊடு போனாப் போச்சாதுன்னு வந்திருக்கலாம்.”

ஜெபமணி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். தயாரித்து வைத்திருந்த பதில் இப்போது எதற்கும் உதவாமல் நாக்கில் கிடந்தது. எதிராளியே அதைச் சொல்லிவிட்டாள்.

“தண்ணி எதுக்குங்க இத்தன?”

“தலைக்கு வாத்துக்கோணும்.” அண்ணி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள்மட்டம் வரைக்கும் வந்து, கதவில் தாழ் இடித்தாற்போல் நின்றது. “இதுக்கு மேல வரமாட்டீங்குது.”

“எத்தன நாளாங்க?”

“சித்திரைலருந்தே.”

“சொல்லவே இல்லீங்களே.”

“நீ கேக்கலியே.”

இரவில் எழுந்து உட்காரும் அந்தச் சத்தம். அதைத் துக்கம் என்று ஜெபமணி கணித்திருந்தாள். கை வலி. பலகை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தது, என்னவென்று மட்டும் சொல்லவில்லை.

சட்டியைத் துணி வைத்துப் பிடித்து இரண்டு தடவையாக வாளியில் ஊற்றிக் கீழே கொண்டுபோனார்கள். படியில் ஜெபமணி முழங்காலையும், அண்ணி தோளையும் பிடித்துக்கொண்டு நின்று நின்று இறங்க, கடைக்குள்ளிருந்து வேலுமணி, “நானு எடுத்துட்டு வாரனுங்க” என்று ஓடிவந்து வாங்கிக்கொண்டான். ரசாக் அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்த இரண்டு இரும்பு முட்டுகள் உத்தரத்தடியில் புதுச் சிவப்புப் பெயிண்டோடு நின்றன.

பொடக்காலியில் தகரக் கதவு போட்ட குளியலறை. அண்ணி பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். ஜெபமணி ரப்பர் பேண்டை அவிழ்த்து, சீயக்காயைக் கரைத்து, பல மாதப் பிசுக்கை விரல் விட்டு அலசினாள். தலை இவ்வளவு சிறியதா என்றிருந்தது. முதல் சொம்பை வார்த்தபோது அண்ணி கண்ணை மூடினாள். சத்தம் எதுவும் விடவில்லை. பற்களைக் கடித்திருந்தாள்.

தண்ணீர் கல்லில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, வெளியே முருங்கை மரத்தடிக்குப் போனது.

“அங்க ஷவராம்” என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. “மருமக ஃபெமினா சொன்னா. திருகுனா மேலருந்து ஊத்துமாம். எனக்கு அது ஆகாது. மோந்து வாக்க ஒரு ஆளு வேணும்னு ஷெர்வின் கிட்டச் சொல்லிப்போட்டேன்.”

ஜெபமணியின் கை நின்றது. தண்ணீர் வார்க்கிற ஆள். அந்த வீட்டுக்கு அவள் போவதானால் அப்படித்தான் போக முடியும், இந்த வீட்டில் இருந்ததும் ஒருவகையில் அப்படித்தான். ஹோமில் ஒரு கட்டில், ஞாயிற்றுக்கிழமை வரும் வண்டி, அதுவும் அவளுக்காக வெந்நீர்போல் ஆறிக்கொண்டு காத்திருந்தது. எதை நினைத்தாலும் முதலில் அசதிதான் வந்தது. மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்த ரூம் சின்னது” என்றாள்.

“ரெண்டு கட்டலு போடலாம்னான்.”

“எம் மெஷினு? ஜன்னலோரமா இல்லாட்டி எனக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“அதயுஞ் சேத்துத்தான் அளக்கச் சொன்னேன். கண்ணெரியுது ஜெபா, வாத்து உடு.”

ஜெபமணி சொம்பை வாளியில் முக்கினாள்.